நீரிழிவும் மருந்தாளுநரும்: குடும்பத்தார் கற்க வேண்டிய ஒரு பாடம்



நம் சமண முன்னோர் இயற்றிய நீதிநூல்களுள் இரண்டு மருந்தின் பெயரைத் தாங்கி நிற்பதைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் கற்றிருக்கிறோம். கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும், காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும் பெயரிட்டனர். ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறும் உரிய அளவில் சேர்ந்தால்தான் ஏலாதி மருந்தாகும். பொருளை அறிவதோடு அளவையும், கொடுக்கும் காலத்தையும், உட்கொள்பவரின் நிலையையும் அறிதல் வேண்டும் என்பது மருத்துவத்தின் பழைய நெறியாகும். நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்தை நம் பெரியோர் சேர்த்துள்ளனர். மருந்தைக் கொடுப்பதோடு அதனை உண்ணும் முறையைச் சொல்லிக் கொடுப்பதும் அத்தானத்தில் அடங்கும் என்றே யான் கருதுகிறேன்.

இந்நாளில் அவ்வாறு சொல்லிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் ஒருவர் நம் தெருமுனை மருந்துக் கடையிலேயே இருக்கிறார். அவரே மருந்தாளுநர். நீரிழிவு நோயாளர்க்கு அவர் எவ்வாறு துணை செய்யக்கூடும், அத்துணையைப் பெற நாம் செய்ய வேண்டுவது யாது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறுகிறேன். என் தமக்கையார் நெடுங்காலமாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொண்டு வருபவர். ஒரு சதுர்த்தசியன்று அவர் உபவாசம் மேற்கொண்டார். மாத்திரையை ஒரு நாளும் விடலாகாது என்று மருத்துவர் கூறியிருந்தமையால், காலையில் வழக்கம்போல் அதனை விழுங்கிவிட்டு ஜினாலயம் சென்று வந்தார். முற்பகல் பதினொரு மணியளவில் அவர்க்கு உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. விரதக் களைப்பு என்றெண்ணிப் படுக்க வைத்தோம். அரை மணி நேரத்தில் நினைவு தப்பியது. மருத்துவமனையில் குளுக்கோசு ஏற்றிய பிறகே கண் விழித்தார். அம்மாத்திரையின் வேகம் நெடுநேரம் நீடிக்குமாதலின் ஓரிரவு அங்கேயே வைத்திருந்து அனுப்பினர்.

மறுநாள் புதிய சீட்டுடன் வேறொரு மருந்துக் கடைக்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் சீட்டைப் படித்துவிட்டு, “அம்மா, இம்மாத்திரையை உணவு உண்ணாமல் விழுங்கலாகாது என்று யாரேனும் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா?” என்று வினவினார். யான் விடை கூற இயலாமல் நின்றேன். ஆறு ஆண்டுகளாக வேறொரு கடையில் வெற்று அட்டையைக் காட்டிக் காட்டி அதே மாத்திரையை வாங்கி வந்தோம். உண்ணாத நாள் உண்டா என்று அங்கு எவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் உபவாச வழக்கம் உண்டு என்று நாங்களும் சொல்லவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்க்குப் பாடம் சொன்ன யான், என் தமக்கையார் நாள்தோறும் விழுங்கும் மாத்திரை எத்தகையது என்பதைக் கேட்டறியாமல் இருந்தேனே என்று வெட்கினேன். இக்கட்டுரை எழுதுவதற்கு அவ்வெட்கமே காரணம்.

மருந்தாளுநர் யாவர்?

மருந்துக் கடையை நடத்துவோர் அனைவரும் மருந்தாளுநர் ஆகார். இந்திய நாட்டில் 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, மருத்துவர் எழுதிய சீட்டுக்குரிய மருந்தை வழங்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநர்க்கே உண்டு. அவர் மருந்தியலில் பட்டயமோ பட்டமோ பெற்றவராக இருப்பார். 2008ஆம் ஆண்டு முதல் ஆறாண்டுக் காலப் பார்ம்.டி. என்னும் உயர்படிப்பும் நம் நாட்டில் நடைபெற்று வருகிறது. மருந்து வழங்கும்போது நோயாளர்க்கு அறிவுரை கூறுவதும் மருந்தாளுநரின் பணி என்பதை 2015ஆம் ஆண்டில் வெளியான மருந்தியல் பணி விதிமுறைகள் தெளிவாக்கியுள்ளன. எனவே, “இதனை எப்பொழுது உண்பது? எதனோடு உண்ணலாகாது?” என்று நாம் வினவினால் அது அவர்க்குத் தொல்லை தருவதாகாது, நமக்குள்ள உரிமையைக் கேட்பதேயாகும்.

2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர்க்கு நீரிழிவு உள்ளதென மதிப்பிட்டது. இத்தனை பேரையும் மருத்துவர் ஒவ்வொருவராக அமர்த்தி நெடுநேரம் விளக்குதல் இயலாது. மருத்துவரை மூன்று திங்களுக்கு ஒரு முறை காணும் நோயாளர், மருந்தாளுநரைத் திங்கள்தோறும் காண்கிறார். மருத்துவர் எழுதியதற்கும் நோயாளர் வீட்டில் செய்வதற்கும் இடையே நேரும் பிழைகளைக் கண்டறியும் வாய்ப்பு அவர்க்கே மிகுதி.

ஆஷ்வில் நகரத்துச் செய்தி

இது வெறும் கருத்தன்று என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு முயற்சி சான்றாகும். வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் நகராட்சி, தன் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தானே ஏற்று வந்தது. 1996ஆம் ஆண்டில் அது ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நீரிழிவுள்ள ஊழியர்க்கு நோய் பற்றிய கல்வி அளிக்கப்பட்டது. தனிப்பயிற்சி பெற்ற அவ்வூர் மருந்தாளுநர்கள் அவர்களைக் குறித்த கால இடைவெளியில் சந்தித்தனர்; மருந்து உண்ணும் முறையையும், வீட்டில் எடுத்த சர்க்கரை அளவுகளையும், பாதங்களையும் பார்த்து, வேண்டியபோது மருத்துவர்க்குத் தெரிவித்தனர். அவ்வாறு செலவிட்ட நேரத்திற்கு நகராட்சி அவர்களுக்கு ஊதியம் வழங்கியது.

2003ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவுகள் சிந்திக்கத்தக்கன. பின்தொடர்ந்து செய்த ஒவ்வோர் ஆய்விலும், பாதிக்கும் மேற்பட்டோரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது எச்.பி.ஏ.1.சி. அளவு, முன்னிருந்ததைவிட நன்னிலை அடைந்திருந்தது. ஒழுங்காக மருந்து உண்டமையால் மருந்துச் செலவு ஏறியது. ஆயினும் மருத்துவமனைச் செலவு பெரிதும் இறங்கியது. கூட்டிப் பார்க்கையில் ஒருவர்க்கு ஆண்டொன்றுக்கு 1,200 முதல் 1,872 டாலர் வரை மொத்தச் செலவு குறைந்தது. வேறொரு குழுவோடு ஒப்பிட்டுச் செய்த சோதனை அன்று இது. முன்னிருந்த நிலையையும் பின்னிருந்த நிலையையும் மட்டுமே ஒப்பிட்டது என்பதையும் நேர்மையுடன் குறிப்பிடுதல் வேண்டும். எனினும், அமர்ந்து கேட்டுச் சொல்லும் ஒருவர் இருந்தால் நோயாளர் மருந்தைச் சரியாக உட்கொள்வர் என்பதை இம்முயற்சி எடுத்துக்காட்டுகிறது.

மாத்திரைகளை இனம் பிரித்தறிதல்

நீரிழிவு மாத்திரைகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. நாம் அறிய வேண்டுவன சிலவற்றை வரிசையாகக் காண்போம்.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வன. உணவு வந்தாலும் வராவிட்டாலும் இவை தம் வேலையைச் செய்யும். எனவே இவற்றை உட்கொண்டு உண்ணாதிருந்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். என் தமக்கையார்க்கு நேர்ந்தது இதுவே.

மெட்பார்மின் தனியே உட்கொண்டால் அவ்வாறு சர்க்கரையைத் தாழ்த்துவது அரிது. அதனை உணவோடு உட்கொண்டால் வயிற்றுக் கோளாறு குறையும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தோ மென்றோ உண்ணலாகாது. இம்மருந்தை நெடுநாள் உண்பவர்க்கு வைட்டமின் பி12 குறைவதுண்டு. புலால் உண்ணாத நமக்கு அச்சத்து பெரும்பாலும் பாலிலும் தயிரிலும் இருந்தே கிடைத்தாக வேண்டும். ஆதலால் நம்மவர் இதில் கூடுதல் கருத்துச் செலுத்துதல் நலம். பாத மரப்பு, களைப்பு ஆகியவற்றை எல்லாம் நீரிழிவின் கணக்கிலேயே எழுதிவிடாமல், பி12 சோதனை தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவன. நீரும் உணவும் இன்றி நெடுநேரம் இருப்போர்க்கு இவற்றால் உடல் நீர் வற்றவும், இரத்தத்தில் அமிலம் மிகவும் கூடும்.

இனி, ஒரே மருந்து பல நிறுவனங்களின் பெயர்களில் வருவதை நினைவிற் கொள்ள வேண்டும். இரு மருத்துவர்கள் இரு பெயர்களில் எழுதியதை இரண்டு மருந்து என்றெண்ணி ஒன்றையே இரட்டை அளவில் உண்போர் உளர். எல்லாச் சீட்டுகளையும் ஒரே மருந்தாளுநரிடம் காட்டினால் அவர் இதனை உடனே கண்டுகொள்வார். பிரட்னிசோலோன் போன்ற மருந்துகள் சர்க்கரையை ஏற்றும். இருமல் பாகுகள் பலவற்றில் சர்க்கரை சேர்ந்திருக்கும். கால் ஆணிக்கு ஒட்டும் பட்டையில் உள்ள சாலிசிலிக் அமிலம், உணர்ச்சி குன்றிய பாதத்தில் புண்ணை உண்டாக்கும். சிறுகுறிஞ்சான் பொடி, நாவற்கொட்டைப் பொடி போன்றவற்றை மாத்திரையோடு சேர்த்து உண்பவர் அதனையும் மறையாமல் கூற வேண்டும்.

இன்சுலின்: ஓர் ஐயமும் ஒரு கணக்கும்

நம் குடும்பங்களில் முதியோர் சிலர் இன்சுலினை ஏற்கத் தயங்குகின்றனர். அது விலங்கின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்னும் எண்ணமே காரணம். அவ்வெண்ணம் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1921ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் பல பத்தாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே அது எடுக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டில், நுண்ணுயிரியின் மரபுப் பொருளில் மாற்றம் செய்து உருவாக்கிய மனித இன்சுலினுக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இன்று நம் மருந்துக் கடைகளில் பெருவழக்காக உள்ளவை பாக்டீரியா அல்லது ஈஸ்ட்டு வழியே உருவாக்கப்படும் இவ்வகையினவே. ஐயமுடையோர் குப்பியின் பெயரைக் காட்டி, அது எவ்வகையினது என்று மருந்தாளுநரிடமே கேட்டுத் தெளியலாம். அறியாமல் மறுத்துக் கண்ணையும் சிறுநீரகத்தையும் இழப்பது அறமாகாது.

அடுத்து ஒரு கணக்கு. இதனைக் கரும்பலகையில் எழுதியதுபோல் மனத்திற் பதிக்க வேண்டும். நம் நாட்டில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு உடையது. பேனாக்களில் இடுவதும், அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து பிள்ளைகள் வாங்கி வருவதும் பொதுவாக 100 அலகு உடையவை. 40 அலகுக்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடியும், 100 அலகுக்குரியதற்கு ஆரஞ்சு மூடியும் இருக்கும்.

100 அலகுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்னும் கோடுவரை எடுத்தால், உள்ளே வருவது அரை மில்லிலிட்டர். அதில் இருப்பது 50 அலகு. இருபது போட வேண்டியவர்க்கு ஐம்பது போய்விடும். இஃது உயிர்க்கே இறுதியாகலாம். மாறாக, 40 அலகுக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடுவரை எடுத்தால், உட்செல்வது 8 அலகே, சர்க்கரை இறங்காது. எனவே சிரிஞ்சு வாங்கும்போதெல்லாம் வீட்டிலுள்ள குப்பியின் அட்டையைக் கொண்டுசென்று மருந்தாளுநரிடம் காட்டுக.

திறவாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசு வெப்பத்தில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்து உறைந்ததைப் பயன்படுத்தலாகாது. திறந்த குப்பியை எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது வகைக்கு வகை வேறுபடும். பல வகைகளுக்கு அஃது ஏறத்தாழ நான்கு வாரமாகும். திறந்த நாளைக் குப்பியின்மீது எழுதி வைப்பது நல்ல பழக்கம். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் எறியாமல் கெட்டியான டப்பாவில் இட்டு மூடி, எங்கே ஒப்படைப்பது என்று மருந்தாளுநரைக் கேட்கவும். துப்புரவுப் பணியாளரின் கையும் நம் கை போன்றதே அன்றோ!

இரவுண்ணாமையும் உபவாசமும்

மருந்துச் சீட்டில் “இரவு உணவுக்குப் பின்” என்று எழுதியிருப்பதை மருந்தாளுநர் இரவு எட்டு அல்லது ஒன்பது மணி என்றே விளக்குவார். நம் வீடுகளில் கதிரவன் மறையும் முன்பே உணவு முடிந்துவிடுகிறது. மாலை ஐந்தரை மணிக்கு உண்டு, மூன்று மணி நேரம் கழித்து, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையை விழுங்கினால், மறுநாள் காலை வரை உணவில்லாத நெடும்பொழுதில் அது வேலை செய்யும். “நாங்கள் மாலையிலேயே உண்பவர்கள், காலை வரை எதுவும் உட்கொள்ளோம்” என்று ஒரு சொல் கூறினால் போதும், மருந்தாளுநர் அதனை மருத்துவர்க்குத் தெரிவித்து, வேளையையோ மருந்தையோ மாற்ற வழி செய்வார்.

உபவாசத்திற்கும் அவ்வாறே. அட்டமி, சதுர்த்தசி, தசலட்சணப் பருவம் ஆகியவற்றுக்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு, உபவாசம் இருக்கலாமா, இருப்பின் அன்று எம்மருந்தை நிறுத்துவது, எதனைக் குறைப்பது என்று எழுதி வாங்குதல் வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துவதும் தவறு; தாமாகத் தொடர்வதும் தவறு. இன்சுலின் போட்டுக்கொள்வோர் இதில் மிக்க விழிப்புடன் இருத்தல் வேண்டும். பதினாறு பாவனைகளுள் ஒன்று ஆற்றலுக்கேற்ற தவம் என்பதாகும். நோயுற்ற உடலின் ஆற்றலை அளந்தறிந்து தவம் மேற்கொள்ளுதல் அப்பாவனையை மீறுவதன்று, அதனைப் பின்பற்றுவதேயாகும்.

சர்க்கரை தாழ்ந்தால் செய்ய வேண்டுவன

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, குழப்பம் ஆகியவை தாழ்நிலையின் அறிகுறிகள். குருதியழுத்தத்திற்கு உட்கொள்ளும் சில மருந்துகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் தோன்றலாம். கருவியில் பார்க்கும்போது 70க்குக் குறைந்திருந்தால் உடனே ஏறத்தாழ 15 கிராம் குளுக்கோசுப் பொடியை நீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். கருவி கையில் இல்லையெனில் அறிகுறி கண்டவுடனே கொடுத்துவிடுக. இத்தகைய நேரத்தில் தேன் கொடுக்கலாம் என்பது பொதுவாகக் கூறப்படும் அறிவுரை. தேனை விலக்கிய நமக்குக் குளுக்கோசு எளிதில் கிடைக்கிறது.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. அகார்போஸ், வோக்ளிபோஸ் என்னும் மாத்திரைகளை உடன் உண்பவர்க்குக் கரும்புச் சர்க்கரையும் வெல்லமும் விரைந்து பயன்தரா. அச்சர்க்கரை குடலில் உடைபடுவதை அம்மாத்திரைகளே தடுக்கும். அவர்க்குக் குளுக்கோசே வேண்டும். இத்தகைய நுட்பங்களைச் சொல்லித் தருவதற்குத்தான் மருந்தாளுநர் இருக்கிறார். நினைவு தப்பியவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

மருந்தாளுநர் செய்யத்தகாதவை

அளவைத் தாமே மாற்றுவதும், சீட்டின்றிப் புது மருந்து தருவதும் அவர் பணியல்ல. “போன மாதம் கொடுத்ததையே கொடு” என்று நாம் வற்புறுத்துவதும் தகாது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தின்கீழ், நீரிழிவுக்கும் குருதியழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் வீடுகளுக்கே கொண்டுவந்து தரப்பட்டன. மாத்திரை எவ்வழியில் வீடு வந்து சேரினும், அதனை உண்ணும் முறையைக் கேட்டறியும் கடமை நம்மை விட்டு நீங்காது.

வீட்டுப் பயிற்சி

இவ்விதழைப் படித்து முடித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு தாத்தா, பாட்டியின் அருகில் அமர்க. கீழ்வரும் வினாக்களுக்கு விடை எழுதுக. விடை தெரியாதவற்றை அடுத்த முறை மருந்தாளுநரிடம் கேட்டு நிரப்புக.

1. உண்ணும் மருந்துகளின் பெயரும் அளவும் யாவை? ஒரே மருந்து இரு பெயர்களில் உள்ளதா?
2. அவற்றுள் உண்ணாத நாளில் விழுங்கலாகாதவை எவை?
3. நம் மாலை உணவு வேளையும் உபவாச நாட்களும் மருத்துவர்க்கும் மருந்தாளுநர்க்கும் தெரியுமா?
4. இன்சுலின் 40 அலகா, 100 அலகா? சிரிஞ்சு அதற்குப் பொருந்துகிறதா?
5. வீட்டில் குளுக்கோசுப் பொடி எங்கே இருக்கிறது? அனைவர்க்கும் தெரியுமா?

என் தமக்கையார்க்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அன்று விரதம் முறிந்ததே என்று பல நாள் வருந்தினார். மருத்துவர் மருந்தை மாற்றியமைத்து, முழு உபவாசம் வேண்டா என்று அறிவுறுத்தினார். அன்று முதல் சதுர்த்தசியன்று எளிய உணவு உண்டு, சுவையையும் சினத்தையும் விலக்கி, சுவாத்தியாயத்தில் பொழுதைக் கழிக்கிறார். மாதந்தோறும் மருந்து வாங்க யான் செல்லும்போது, “அந்தத் தம்பி ஏதாவது கேட்டானா?” என்று வினவுவார். அவர் கேட்பார், யானும் சொல்வேன். சென்ற திங்கள் அவர், “அம்மா, பாதத்தைப் பார்த்துக்கொள்கிறார்களா?” என்று கேட்டார். அன்று மாலையே தமக்கையாரின் பாதங்களை விளக்கருகில் வைத்துப் பார்த்தேன். இடக்கால் விரலிடையில் ஒரு சிறு வெடிப்பு இருந்தது. அவர்க்கு அது தெரியவே இல்லை. மறுநாளே மருத்துவரிடம் காட்டினோம், அஃது ஆறிவிட்டது.